‘மேலே சொல்லியாச்சு’ என்பது புகார் ஆகாது

2011 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வெடித்த விவகாரம், அமெரிக்கக் காற்பந்து எப்படி ஆடுவார்கள் என்றே தெரியாத ஊர்களில்கூடப் பேசப்பட்டது. பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் முன்னாள் துணைப் பயிற்றுநர் ஜெர்ரி சாண்டஸ்கி, பல ஆண்டுகளாகச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானார். அவர்மேல் எழுந்த வெறுப்புக்குச் சமமாக இன்னொருவர்மேலும் கோபம் திரும்பியது. 2001ல் அணியின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு நேரில் பார்த்த இளம் உதவியாளர் மைக் மெக்குவெரி அவர். ஆறடிக்கு மேல் உயரம், முன்னாள் ஆட்டக்காரர். உள்ளே பாய்ந்து அந்த ஆளைப் பிடித்து இழுத்துப் போடாமல் எப்படித் திரும்பிப் போனார்? ‘நானாக இருந்திருந்தால் அங்கேயே அடித்து நொறுக்கியிருப்பேன்’ என்று சொல்லாதவர்களே இல்லை.

அந்தக் கோபம் நியாயமானது. ஒரு பிள்ளை அந்த அறையில் தனியாக விடப்பட்டது. ஆனால் கோபம் அந்த ஒற்றை இரவோடு நின்றுவிட்டால், அடுத்த பத்து ஆண்டுகள் சாண்டஸ்கி எப்படிச் சுதந்திரமாக உலவினார் என்பது புரியாமலே போகும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் பிள்ளைகளைக் காற்பந்துக்கும் சிலம்பத்துக்கும் தெக்குவாண்டோவுக்கும் அனுப்புகிற நமக்கு அந்தப் பத்து ஆண்டுகள்தான் பாடம்.

நடந்தது இது. 2001 பிப்ரவரி 9, வெள்ளி இரவு மெக்குவெரி பார்க்கிறார். வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் சொல்கிறார். மறுநாள் காலை தலைமைப் பயிற்றுநர் ஜோ பட்டேர்னோவின் வீட்டுக்கே போய்ச் சொல்கிறார். பட்டேர்னோ அந்தப் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட தெய்வம். 409 வெற்றிகள் பெற்றவர். அவர் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் தெரிவிக்கிறார். மற்றவர்களின் வார இறுதியைக் கெடுக்க வேண்டாம் என்று உடனே கூப்பிடவில்லை என்பது அவரே பின்னாளில் சொன்ன விளக்கம். கர்லியும் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் மெக்குவெரியைக் கூப்பிட்டுக் கேட்பதற்குள் ஏறக்குறைய பத்து நாள் ஓடிவிட்டது. அங்கிருந்து விஷயம் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் வரை ஏறுகிறது.

ஒவ்வொரு படியிலும் சொல் இளைத்துக்கொண்டே போனதைக் கவனியுங்கள். கண்டவர் கண்டது பாலியல் வன்கொடுமை. பட்டேர்னோ சாட்சியத்தில் அது ‘பாலியல் தன்மையுள்ள ஏதோ ஒன்று’ ஆனது. மேலே போனபோது ‘குளியலறையில் விளையாட்டுத்தனமாக நடந்துகொண்டார்’ என்று ஆகிவிட்டது. முதலில் அரசின் சமூகநலத் துறைக்குத் தெரிவிப்பதாகத்தான் திட்டம் இருந்தது. சில நாளில் மனம் மாறி, சாண்டஸ்கியிடமே பேசி, சிறுவர்களை இனி வளாகத்துக்குள் அழைத்து வராதே என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். புகார் செய்யாமல் விட்டதற்காகப் பின்னால் நாம் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று ஸ்பேனியர் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார். எல்லாம் தெரிந்தேதான் நடந்தது. குளியலறையில் இருந்த அந்தச் சிறுவன் யார், வீடு எங்கே, இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒருவர்கூடத் தேடிப் போகவில்லை. இந்த வழக்கில் நெஞ்சை அதிகம் அறுப்பது இதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டே, 2000த்தில், துப்புரவுத் தொழிலாளி ஒருவர் இதே போன்ற காட்சியைக் கண்டு நடுங்கிப்போயிருந்தார். சக தொழிலாளிகளிடம் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பட்டேர்னோவை எதிர்ப்பது நாட்டின் அதிபரையே எதிர்ப்பது போல என்று அவர்களில் ஒருவர் பிறகு விசாரணைக் குழுவிடம் சொன்னார். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டுகிற எவருக்கும் அந்தப் பயம் விளங்கும்.

முடிவில், 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் சாண்டஸ்கி குற்றவாளி எனத் தீர்ப்பானது. 30 முதல் 60 ஆண்டு வரை சிறை. பட்டேர்னோவை 2011 நவம்பர் 9 அன்று பல்கலைக்கழகம் பதவி நீக்கியது. அன்றிரவு மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு செய்தி நிறுவன வேனைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அல்ல, பயிற்றுநருக்காக. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017ல் சிறாரை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியர் அதே குற்றத்துக்காகத் தண்டனை பெற்று 2021ல் சிறை சென்றார். மெக்குவெரிக்கு வேலை போயிற்று. உண்மையைச் சொன்னதற்காகப் பழிவாங்கினார்கள், அவதூறு செய்தார்கள் என்று அவர் தொடுத்த வழக்கில் 2016ல் ஜூரிகள் அவருக்கு 73 லட்சம் டாலர் வழங்கச் சொன்னார்கள். ஊர் முழுவதும் ‘ஒன்றும் செய்யாதவர்’ என்று திட்டிய அந்த மனிதர்தான், அந்தச் சங்கிலியில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன ஒரே ஆள். அவர் செய்த பிழை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் தம் மேலாளரிடம் சொன்னது. அன்றைய பென்சில்வேனியா சட்டமே ஊழியர்களுக்கு அந்த வழியைத்தான் காட்டியது: நிறுவனத்தின் பொறுப்பாளருக்குச் சொன்னால் கடமை முடிந்தது. 2014 இறுதியில் அதைத் திருத்தினார்கள். இப்போது கண்டவரே நேரடியாக அரசின் சிறார் பாதுகாப்பு எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மேலாளரிடம் சொல்வது அதற்குப் பிறகுதான்.

சிலர் இதை மனித இயல்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1968ல் லத்தானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்த சோதனை புகழ்பெற்றது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் அமர்ந்திருக்க ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான் சொன்னார்கள். பக்கத்து ஆள் பதறவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை போலும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் 2019ல் வெளியான வேறோர் ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் தெருக் கேமராக்களில் பதிவான 219 சச்சரவுகளைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பதில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது குறுக்கே போயிருந்தார். தெருவில் மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. தெருவில் சண்டை போடுகிறவன் உங்களுக்கு உபகாரச் சம்பளக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. விளையாட்டில் அவன்தான் போடுகிறான்.

மாநிலங்களுக்கு இடையிலான சுக்மா விளையாட்டுப் போட்டி அணிக்கு யார், பயிற்சி முகாமுக்கு யார், எந்தப் பிள்ளைக்கு உயர்கல்விக்கூடத்தில் விளையாட்டு வழி இடம் என்பதில் பயிற்றுநரின் சொல்லுக்குப் பெரிய எடை உண்டு. செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ சம்பளமே வாங்காமல் வாரம் மூன்று நாள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கமானவர்கள். சமூகம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நன்றிக்கடன்தான் தவறு செய்கிற ஓர் ஆளுக்கும் கவசமாகிறது. சாண்டஸ்கி தம் இரைகளைத் தேடியது, ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1977ல் தாமே தொடங்கிய அறப்பணி அமைப்பில்தான். ‘மாஸ்டர் எவ்வளவு செஞ்சிருக்காரு, அவரைப் போயி’ என்ற ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் வாயை ஆயுளுக்கும் அடைத்துவிடும். பெண்பிள்ளையாக இருந்தால் ‘நாளைக்குக் கல்யாணம் காட்சி’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

நேரில் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்றும் நினைக்க முடியாது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர் லாரி நாசர், ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளைச் சிகிச்சை என்ற பெயரில் சீரழித்தபோது சிலரின் பெற்றோர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தம் உடம்பால் மறைத்துக்கொண்டார். 1997லேயே வீராங்கனைகள் வாய் திறந்திருக்கிறார்கள். 2014ல் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை அவரை விடுவித்தது. அது மருத்துவ முறைதான் என்று கருத்துச் சொன்ன நிபுணர்கள் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2018ல் 156 பேர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசினார்கள். அவர்களுள் எத்தனை பேரை முதல் புகாரே காப்பாற்றியிருக்கும்!

நம் தலைநகரிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2017 மே மாதம் சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு பயிற்சி மாணவரைச் சக மாணவர்கள் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுட்டுச் சித்திரவதை செய்தார்கள். அது நடந்தது மே 21, 22. அவர் இறந்தது ஜூன் 1. விளையாட்டு அணி இல்லைதான். ஆனால் மூத்தவர் இளையவர் என்ற அதே அடுக்கு, வெளியே சொன்னால் துரோகி என்ற அதே எண்ணம். உடம்பின் பெரும்பகுதி வெந்துபோன ஒரு பிள்ளைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே அத்தனை நாள்கள் இருந்தன என்பதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

இனி நம் மலேசியச் சட்டம். 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் சிறார் என்கிறது. அதன் 19ஆவது பிரிவுதான் பலருக்கும் தெரியாதது: இத்தகைய குற்றம் நடந்ததையோ நடக்கப்போவதையோ அறிந்தும் தகவல் கொடுக்காத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம். ஆசிரியர், மருத்துவர் என்று பட்டியல் போடவில்லை. ‘எவரும்’ என்றால் அணி மேலாளர், வேன் ஓட்டுநர், மண்டபக் காவலாளி, பக்கத்து இருக்கையில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா, எல்லாரும்தான். பயிற்றுநர் போன்ற நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் குற்றம் செய்தால், குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை கூடுதல் சிறையும் பிரம்படியும் 16ஆவது பிரிவில் உண்டு. வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் தண்டிக்கலாம் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே ‘ஆதாரம் எங்கே’ என்று சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டால், ஆதாரம் தேடுவது போலீசின் வேலை என்று சொல்லிவிடலாம்.

கல்லூரி என்றதும் எல்லாரும் பெரியவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடித்து அடிப்படைக் கல்விக்கோ டிப்ளோமாவுக்கோ சேர்கிற பிள்ளைக்குப் பல சமயம் 17தான். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் சிறார். 19ஆவது பிரிவு முழுமையாகப் பொருந்தும். 18 நிறைந்தவர் என்றால் கணக்கு வேறு. போலீசுக்குப் போவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூட நிற்பது நம் வேலை. பாலியல் தொல்லையாக இருந்தால், 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. பொதுவாக அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு.

கண்ணெதிரே நடக்கிறது என்றால் என்ன செய்வது? வீரசாகசம் எதிர்பார்க்கப்படவில்லை. கதவைத் திறந்து விளக்கைப் போடுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: ‘தம்பி, அம்மா வெளிய காத்திருக்காங்க, வா.’ இப்படி ஒரு சாக்குச் சொல்லிப் பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிட்டாலே முதல் வேலை முடிந்தது. அந்த ஆளோடு வாக்குவாதம் வேண்டாம். கூட்டத்தில் ‘யாராவது போலீசைக் கூப்பிடுங்க’ என்று கத்தினால் எவரும் கூப்பிடாமல் போகலாம். வேறு யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். ‘அண்ணே, நீலச் சட்டை போட்டிருக்கீங்களே, நீங்க 999 கூப்பிடுங்க’ என்று ஆளைக் குறிப்பிட்டுச் சொன்னால் கூப்பிடுவார். பிள்ளையை ஒரு நொடியும் தனியே விடாதீர்கள். மெக்குவெரி அந்த இரவில் விட்டது இதைத்தான்.

பிள்ளை பிறகு வந்து சொன்னால் அதிகம் கேட்காமல் இருப்பதே உதவி. ‘என்ன நடந்துச்சு?’ என்ற ஒரு கேள்வி போதும். ‘அவர் உன்னை இங்க தொட்டாரா?’ என்று நாமே பதிலை வாயில் வைத்தால், வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் மாற்றாமல், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். அழைத்து வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்வதும், மாமா, சித்தப்பா, கோயில் தலைவர் என்று ஒவ்வொருவர் முன்னும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் பிள்ளையை மறுபடியும் காயப்படுத்தும், வழக்கையும் கெடுக்கும். பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி காணொளியில் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டம் வழி செய்திருக்கிறது.

வன்புணர்வோ உடல்ரீதியான தாக்குதலோ நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் உண்டு. கூட்டத்தின் நடுவே காத்திருக்க வைக்காமல் தனி அறையில் பார்ப்பார்கள். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். அதற்கு முன் குளிக்கக் கூடாது. உடையைத் துவைக்கக் கூடாது. உடையைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். தாய்மார் முதலில் செய்ய நினைப்பது பிள்ளையைக் குளிப்பாட்டுவது. அந்தப் பாசத்தை அன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம்; சம்பவம் ஈப்போவில் போட்டிக்குப் போன இடத்தில் நடந்திருந்தாலும் செந்தூலிலேயே கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னதை அவர்கள் எழுத வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் உங்கள் கையெழுத்து. பெரும்பாலும் மலாயில்தான் தட்டச்சு செய்வார்கள். மலாய் சரளமாக வராதவர் நன்கு தெரிந்த ஒருவரோடு போவது நல்லது, ஏனென்றால் சொல் இளைப்பது இங்கேயும் நடக்கும்: ‘பிடித்து அழுத்தினார்’ என்பது ‘தொட்டார்’ என்று பதிவானால், வழக்கு முடியும்வரை அந்தச் சொல் துரத்தும். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். பாலியல், மகளிர், சிறார் வழக்குகளை விசாரிப்பது டி11 என்ற பிரிவு. நிலையத்துக்குப் போகத் தயங்கினால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே எண் 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்றத்துக்கான மையம் நீதிமன்றம்வரை கூட வருகிறது. இதெல்லாம் ஆனபிறகு சங்கத்துக்கும் கல்லூரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கொதிப்பில் பலர் செய்கிற தவறு ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் பிள்ளையின் படத்தோடு செய்தியைப் பரப்புவது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவில் குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பள்ளிப் பெயர், அணிச் சீருடை, அண்ணன் பெயர் என்று துண்டு துண்டாகச் சொன்னாலும் அடையாளம் அடையாளம்தான். காணொளி ஏதும் உங்களுக்கு வந்தால் எவருக்கும் அனுப்பாதீர்கள், நேரே போலீசிடம் காட்டுங்கள். அத்தகைய படத்தை வைத்திருப்பதே சட்டம் 792ல் தண்டனைக்குரியது.

சங்கங்கள் இன்றே செய்யக்கூடியவை அதிகச் செலவில்லாதவை. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள். அதில் ஒருவராவது பயிற்றுநரின் உறவினராகவோ அவருக்குக் கட்டுப்பட்டவராகவோ இல்லாதவர். பயிற்றுநர் பிள்ளையோடு ஒரே அறையில் தங்கக் கூடாது. உருவுதலும் கட்டுப்போடுதலும் கதவைத் திறந்து வைத்து, இன்னொரு பெரியவர் முன்னால். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாக மாட்டாதபடி பாதை. பயிற்றுநர் பிள்ளையோடு தனியே வாட்ஸ்அப்பில் பேசாமல் பெற்றோர் இருக்கும் குழுவிலேயே பேசுவது. இந்த விதிகளில் நல்ல மாஸ்டருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பொய்ப் பழியிலிருந்து அவரையும் இவை காக்கின்றன. யாராவது கோபித்துக்கொண்டால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

புகார் கொடுத்தவருக்கு என்ன ஆகும் என்ற பயம் வீண் பயமில்லை. பிள்ளையை அணியிலிருந்து எடுப்பார்கள், வேலை இடத்தில் நெருக்கடி வரும். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் பெயரை ரகசியமாக வைக்கவும் பழிவாங்கலிலிருந்து காக்கவும் வழி செய்கிறது. ஆனால் போலீஸ் போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னவருக்குத்தான் அந்தக் காப்பு. முகநூலில் எழுதியவருக்கும், சங்கத் தலைவரின் காதில் மட்டும் போட்டவருக்கும் அது கிடைக்காது. புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியும் எதுவும் அசையவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்கீழ் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தில் வேண்டியது புகார் எண், தேதி, உங்கள் கையெழுத்து. புகார் நகலைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.